மூடியைத் திறந்து பார்ப்போம்: செப்டிக் டேங்க் பரிசோதனையும் மலக்குழி மரணங்களும்



மலக்குழிகளில் உயிரிழந்தவர்களின் நினைவாக நாம் கூடியிருக்கிறோம். இந்த ஆண்டு உரைக்கு நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், வீட்டு செப்டிக் டேங்க்கை எப்படிப் பரிசோதிப்பது என்பது. இலக்கிய அமைப்பின் மேடையில் இது எதற்கு என்று சிலர் கேட்டார்கள். ஒருவர் தொட்டிக்குள் இறங்கி மூச்சடைத்துச் சாவது சில நிமிடங்களில் நடந்துவிடுகிறது. ஆனால் அவரை உள்ளே இறக்கும் நிலைமை பல ஆண்டுகளாக உருவாகிறது. தொட்டி கட்டும்போது விட்ட பிழை, பத்து வருடம் மூடியைத் திறக்காத அலட்சியம், 'ஆள் கிடைப்பான்' என்ற நம்பிக்கை எல்லாம் சேர்ந்துதான் ஒருவரை இறக்குகின்றன. அந்த நம்பிக்கைக்குப் பெயர் சாதி. மூடியைத் திறந்து பார்க்கும் பழக்கம் வந்தால் அந்த நம்பிக்கைக்கு வேலை இல்லாமல் போகும். இந்த உரை சொல்ல வருவது அவ்வளவுதான்.

நம் ஊரின் நிலை

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. பெயர் மாநகராட்சி என்றாலும் பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்கள் இங்கே ஏராளம். அப்போது மாநகராட்சியில் சேராத முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற ஊராட்சிகளில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். பல வீடுகளில் அதுவும் கிடையாது. சிமென்ட் உறைகளை இறக்கி, அடியில் தளம் போடாமல் விட்ட குழியைத்தான் 'டேங்க்' என்கிறார்கள். அதில் விழுவது மண்ணுக்குள் போகிறது, மண்ணிலிருந்து கிணற்றுக்குப் போகிறது.

இந்த ஊர்களை ஒட்டித்தான் அடையாறு ஓடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கி, மக்கள் படகுகளில் மீட்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. வெள்ளம் வந்தால் ஆற்று நீரும் தொட்டி நீரும் கிணற்று நீரும் ஒன்றாகிவிடும். வெள்ளம் வராத ஆண்டிலும், ஐப்பசி கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலேறி வந்து தொட்டிகளைச் சூழ்ந்து நிற்கும்.

தொட்டி எப்படி வேலை செய்கிறது

ஒழுங்காகக் கட்டிய செப்டிக் டேங்க்கில் இரண்டு அறைகள் இருக்கும். முதல் அறையில் கனமானது அடியில் கசடாகப் படியும். எண்ணெயும் லேசான பொருள்களும் மேலே ஆடையாக மிதக்கும். காற்று இல்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் கசடின் ஒரு பகுதியைச் சிதைக்கும். நடுவில் தேங்கும் ஓரளவு தெளிந்த நீர் இரண்டாம் அறைக்குப் போய், அங்கிருந்து உறிஞ்சு குழிக்குப் போகும். அந்த நீரும் சுத்தமான நீர் இல்லை. நோய்க்கிருமிகள் அதில் இருந்துகொண்டேதான் இருக்கும்.

கசடு முழுதும் சிதைவதில்லை, ஆண்டுக்கு ஆண்டு ஏறும். அதனால்தான் 2014-இல் தமிழக அரசு வெளியிட்ட கழிவுக்கசடு மேலாண்மை வழிகாட்டுதல்கள், குறித்த கால இடைவெளியில் தொட்டியைக் காலி செய்யச் சொல்கின்றன. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் கசடு குழம்பாக இருக்கும், லாரியின் குழாய் உறிஞ்சிவிடும். பத்துப் பதினைந்து ஆண்டு விட்டால் அடியில் களிமண்போல் இறுகிவிடும். தண்ணீர் வந்துவிடும், இறுகியது வராது. அப்போதுதான் வாளியும் கயிறும் வருகின்றன. 'கொஞ்சம் உள்ளே இறங்கி எடுத்துவிடுப்பா' என்ற பேச்சும் வருகிறது.

ஆற்றோர வீடுகளில் இன்னொரு வழியிலும் இதே இடத்துக்கு வந்து சேர்கிறோம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறியதும் உறிஞ்சு குழி நீரை உறிஞ்சாது. கழிப்பறையில் தண்ணீர் எதிர்த்து வரும். டேங்க் நிரம்பிவிட்டது என்று நினைத்து லாரியைக் கூப்பிடுவார்கள். எடுத்த இரண்டாம் நாளே மறுபடி நிரம்பும். உடனே 'உள்ளே எங்கோ அடைப்பு' என்று முடிவு கட்டி ஆள் தேடுவார்கள். அங்கே அடைப்பே கிடையாது, மண் நனைந்திருக்கிறது, அவ்வளவுதான். அதைச் சொல்ல யாரும் இல்லாததால் ஒரு மனிதர் இறக்கப்படுகிறார்.

உள்ளே என்ன இருக்கிறது

தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு சேர்ந்திருக்கும், ஆக்சிஜன் குறைந்திருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு கூடினால் மூக்கின் உணர்வையே செயலிழக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று இறங்குகிறவர் மிக மோசமான நேரத்தில் இறங்குகிறார். இந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கும். மேலே நின்றபோது ஒன்றும் தெரியாது. குச்சியால் கசடைக் கலக்கியதும் அடைபட்டிருந்த வாயு ஒரே மூச்சில் வெளியேறும்.

2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில் ஒரு குடியிருப்பின் தொட்டியில் ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு தந்தையும் அவருடைய இரண்டு மகன்களும் இருந்தார்கள். முதலில் விழுந்தவரைத் தூக்கப் போய் அடுத்தவர் விழுவதுதான் இத்தகைய சாவுகளின் வழக்கமான வரிசை. புதிதாகக் கட்டி மூடிய தொட்டியில் சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கியவர்களும் இறந்திருக்கிறார்கள். மலமே விழாத தொட்டியிலும் ஆக்சிஜன் இல்லாமல் போகும்.

இறங்காமல் பரிசோதிப்பது

பரிசோதனை முழுவதையும் தரையில் நின்றே செய்ய முடியும். வேண்டியவை ஒரு நீண்ட கழி, ஒரு வெள்ளைத் துணி, ஒரு டேப், ஒரு நோட்டு.

முதலில் மூடி எங்கே என்று பாருங்கள். ஒவ்வோர் அறைக்கும் தனி மூடி வேண்டும். போர்ட்டிகோவில் டைல்ஸ் போட்டு மூடியை மறைத்த வீடுகள் நம் புறநகரில் எத்தனையோ. மூடி தெரியாத தொட்டியைப் பராமரிக்கவே முடியாது.

மூடியைத் திறந்ததும் விலகி நில்லுங்கள், தொட்டியிலிருந்து காற்று வீசிச் செல்லும் பக்கத்தில் நிற்க வேண்டாம். தலையை உள்ளே நீட்டாதீர்கள். பீடி, தீக்குச்சி கூடாது, மீத்தேன் தீப்பற்றும். தனியாகச் செய்யாதீர்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

கழியின் முனையில் துணியைச் சுற்றி, அடி தட்டும்வரை மெல்ல இறக்கிச் சில நிமிடம் வைத்து எடுங்கள். துணியில் கறுத்திருக்கும் உயரம்தான் கசடின் உயரம். கசடும் மேல் ஆடையும் சேர்ந்து தொட்டியின் நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் லாரியைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது.

உள்ளே வரும் குழாயிலும் வெளியே போகும் குழாயிலும் 'டி' வடிவ இணைப்பு இருக்கிறதா, காற்றுக்குழாய் திறந்திருக்கிறதா, அதில் கொசுவலை கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, வெளியேறும் நீர் எங்கே போகிறது என்று பாருங்கள். மழைநீர்க் கால்வாய்க்குள் போனால் அது ஏரிக்கோ அடையாற்றுக்கோதான் போய்ச் சேரும்.

அடுத்தது தூரம். உறிஞ்சும் அமைப்புக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர் வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2470. முப்பதுக்கு நாற்பது அடி உள்ள அரை கிரவுண்டு மனையில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கே 50 அடிதான், அதாவது சுமார் 15 மீட்டர். உங்கள் குழி பக்கத்து வீட்டு போரையும் தொடுகிறது என்று பொருள். இது ஒரு வீட்டால் தீரும் சிக்கல் இல்லை. தெரு முழுவதும் சேர்ந்து பாதாளச் சாக்கடையோ பொதுச் சுத்திகரிப்போ கேட்டுப் போராட வேண்டிய இடம் இது.

ஆற்றோர வீடுகளுக்கு இன்னும் ஒன்று. வெள்ளம் வடிந்த கையோடு தொட்டியை முழுதாகக் காலி செய்யக் கூடாது. சுற்றிலும் நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது காலித் தொட்டி மேலே மிதந்து எழலாம், சுவர் விரிசல் விடலாம். நீர்மட்டம் இறங்கும்வரை காத்திருங்கள். பரிசோதனையையும் கசடு எடுப்பதையும் கோடையிலேயே முடித்துவிடுவது நல்லது.

கடைசியாக நோட்டு. பரிசோதித்த தேதி, கசடின் உயரம், வந்த லாரியின் எண், கசடு எங்கே கொட்டப்பட்டது என்பதை எழுதுங்கள். கசடு எடுக்கும் லாரிகளுக்கு உரிமம் கட்டாயம் என்று 2022-இல் தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டங்கள் திருத்தப்பட்டன. உரிமத்தைக் கேட்பது நம் உரிமை. உதவிக்கு 14420 என்ற எண் இருக்கிறது.

சட்டம் யாரைப் பிடிக்கிறது

2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, எந்த நபரும், உள்ளாட்சியும், நிறுவனமும் ஆபத்தான முறையில் செப்டிக் டேங்க்கைச் சுத்தம் செய்ய ஆளை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. 'எந்த நபரும்' என்பதில் வீட்டுக்காரரும் அடக்கம். முதல் குற்றத்துக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விட முடியாத குற்றம் இது.

சட்டத்தில் ஓட்டையும் இருக்கிறது. பாதுகாப்புக் கருவி கொடுக்காமல் இறக்குவதைத்தான் அது 'ஆபத்தான சுத்தம்' என்கிறது. இறக்குவதையே அது முழுதாக ஒழிக்கவில்லை. சஃபாய் கர்மசாரி அந்தோலன் தொடுத்த வழக்கில் 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அந்தத் தொகை 30 லட்சமாக உயர்ந்தது. தொகை உயர்ந்தும் சாவு நிற்கவில்லை. இறந்த பிறகு வரும் சட்டத்தோடு, இறங்கும் முன்பே வரும் பரிசோதனையும் வேண்டும்.

யார் பரிசோதிப்பது

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வீட்டை விற்கும்போது செப்டிக் அமைப்பைத் தகுதி பெற்ற பரிசோதகரிடம் காட்டியாக வேண்டும். ஜப்பானில் 'ஜோகாசோ' எனப்படும் வீட்டுச் சுத்திகரிப்புத் தொட்டிகளுக்கு 1983-இலேயே தனிச் சட்டம் வந்தது. ஆண்டுதோறும் பரிசோதனை கட்டாயம், பராமரிப்பவருக்கு அரசுச் சான்றிதழ் வேண்டும். அங்கே அது படித்துத் தேர்வெழுதிப் பெறும் தொழில். இங்கே அதே அறிவு லாரியோடு போகும் தொழிலாளியிடம் இருக்கிறது. மூடியைத் திறந்ததுமே எத்தனை வருடக் கசடு என்று அவர் சொல்லிவிடுவார். அதை அறிவு என்று யாரும் எண்ணியதில்லை, அதற்குக் கூலியும் கிடையாது.

அவர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் நல்ல ஊதியமும் கொடுத்துப் பரிசோதகர்களாக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். விரும்புகிறவர்களுக்கு அந்த வாய்ப்பு வேண்டும், நாங்களும் கேட்கிறோம். ஆனால் ஒரு நிபந்தனையோடு கேட்கிறோம். பரிசோதகர் வேலை எல்லாச் சாதியினரும் படித்து வரும் வேலையாக இருக்க வேண்டும். சான்றிதழ் கையில் கொடுத்து, அதே தெருவின் பிள்ளைகளை மறுபடி குழியின் விளிம்பில் நிறுத்தினால், மாறியிருப்பது சட்டையின் நிறம் மட்டுமே. குழியை விட்டு வெளியேறும் உரிமையும் அதே அளவுக்கு உறுதியாக வேண்டும்.

இங்கே வந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். இன்று வீட்டுக்கோ விடுதிக்கோ போனதும் மூன்று கேள்வி கேளுங்கள். நம் தொட்டியின் மூடி எங்கே? கடைசியாக எப்போது கசடு எடுத்தார்கள்? அப்போது யாராவது உள்ளே இறங்கினார்களா? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு கழியும் துணியும் எடுத்துக்கொண்டு மூடியைத் திறந்து பாருங்கள்.