வில்லுப்பாட்டை கோயில் கொடையில் இருந்து சென்னை மேடைக்கு கொண்டு வந்த சுப்பு ஆறுமுகம்: மாறியது என்ன?

நெல்லை, தூத்துக்குடி, குமரி கிராமங்களில் சுடலைமாடன், இசக்கியம்மன் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு இருக்கும். மணி கட்டிய வில்லை மண்குடத்தின் மேல் வைத்து, வீசுகோலால் தட்டி, உடுக்கை, தாளத்தோடு சாமியோட கதையை விடிய விடிய பாடுவாங்க. இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. கதை உச்சத்துக்குப் போகும்போது சாமியாடிக்கு அருள் வரணும். பாட்டோட வேலையே அதுதான்.

சரி, இது சென்னைக்கு எப்படி வந்தது?

நெல்லை அருகே சத்திரப்புதுக்குளத்தில் 1928-ல் பிறந்தவர் சுப்பு ஆறுமுகம். இவரது திறமையைப் பார்த்து சென்னைக்கு அழைத்து வந்தவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். கலைவாணரே வில்லுப்பாட்டில் தொடங்கியவர்தான். அவருக்காக காந்தி கதையை வில்லுப்பாட்டாக எழுதிக் கொடுத்தார் சுப்பு ஆறுமுகம். பிறகு தானே குழு அமைத்து மேடை, வானொலி, தொலைக்காட்சி என்று பாடினார்.

வில்லும் குடமும் உடுக்கையும் அப்படியேதான் இருந்தன. ஆனால் இரவு முழுக்க நீண்ட கதை சில மணி நேரமாகச் சுருங்கியது. சுடலைமாடன் இருந்த இடத்துக்கு காந்தி, பாரதி, ராமாயணம் எல்லாம் வந்தன. நடுநடுவே நகைச்சுவை. சாமியாடி மட்டும் இல்லை.

இதனால் கலை நீர்த்துப் போனதா? சடங்கு போனது உண்மை. ஆனால் கொடை பார்க்காத நகரத்து ஆட்களுக்கு வில்லுப்பாட்டு என்றாலே இவர் முகம்தான்.

2021-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. 2022 அக்டோபர் 10-ல் சென்னையில் காலமானார். மகள் பாரதி திருமகனும் வில்லுப்பாட்டுக் கலைஞர். ஊரில் இருக்கிற குழுக்களுக்கோ இன்னைக்கும் கொடை சீசன்தான் வருமானம். 2020 ஊரடங்கில் கொடைகள் நின்றபோது அதுவும் நின்றுபோனது.