மின்சாரக் காரில் தூரப் பிரயாணமா?



விடுமுறையில் குடும்பமாய்த் தூரப் பிரயாணம் செய்ய நீங்கள் திட்டமிட்டிருக்கலாம். இப்பொழுது அநேகர் மின்சாரக் கார் வைத்திருக்கிறார்கள். நகரத்திற்குள் ஓட்டும்வரை கவலையில்லை. இரவில் வீட்டில் சார்ஜ் போட்டால் காலையில் கார் ஆயத்தமாயிருக்கும். தூரப் பிரயாணத்திற்கோ வேறொரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கை அந்தமான் பெருஞ்சாலையை வைத்துப் பார்ப்போம். அச்சாலைக்கு ஆயத்தப்படக் கற்றவர் வேறெங்கும் தடுமாறமாட்டார்.

போர்ட் பிளேர் நகரிலிருந்து (2024-ல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது) வடக்கே திக்லிப்பூர் வரை சுமார் 325 கிலோமீட்டர். இடையில், ஜிர்காடாங் சோதனைச் சாவடி முதல் மிடில் ஸ்ட்ரெயிட் படகுத்துறை வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காடு. அங்கே குறித்த வேளைகளில், காவலர் துணையுடன், வரிசையாகவே செல்ல வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. வழியில் நிறுத்துவதற்கும் படம் எடுப்பதற்கும் தடை உண்டு. வெளியாரால் பரவும் நோய்களை அம்மக்களின் உடல் தாங்காது. 2002-ல் உச்ச நீதிமன்றம் இப்பகுதிச் சாலையை மூடும்படி உத்தரவிட்டது. ஆயினும் போக்குவரத்து நிற்கவில்லை. இவ்விடத்தில் பேட்டரி தீர்ந்து கார் நின்றால், உங்கள் குடும்பத்திற்கு மட்டுமல்ல, பின்னால் வருவோருக்கும் அந்த மக்களுக்கும் இடையூறு உண்டாகும்.

ஆகையால் முதலாவது, உங்கள் காரின் உண்மையான திறனை அறிந்துகொள்ளுங்கள். விளம்பரத்தில் சொல்லும் தூரத்தை நம்ப வேண்டாம். பேட்டரி 40 யூனிட் கொள்ளுமானால், யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் வீதம் 240 கிலோமீட்டர் என்று எண்ணுங்கள். அதிலும் ஐந்தில் ஒரு பங்கை அவசரத்திற்கென்று ஒதுக்கிவிடுங்கள். மீதி 190 கிலோமீட்டரே உங்கள் கணக்கு.

இரண்டாவது, திரும்பி வரும் வழியையும் எண்ணுங்கள். மிடில் ஸ்ட்ரெயிட் சேரும்போது ஏறத்தாழ 90 கிலோமீட்டர் கடந்திருப்பீர்கள். பருவநிலை மோசமாகிப் படகு நின்றுபோனால், வந்த வழியே திரும்ப வேண்டியிருக்கும். முழு சார்ஜுடன் புறப்பட்டவருக்கு அதற்கும் போதுமானது இருக்கும். பாதி சார்ஜுடன் புறப்பட்டவருக்கு இராது. சாவடியிலும் படகுத்துறையிலும் ஏ.சி. ஓடக் காத்திருந்தால் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் செலவாகும் என்பதையும் மறவாதிருங்கள்.

மூன்றாவது, இரவு தங்குமிடத்தையே சார்ஜ் போடும் இடமாக்குங்கள். சுமார் 170 கிலோமீட்டரில் இருக்கும் ரங்கத்தில் தங்கினால், மறுநாள் மாயாபந்தர் வழியாய்த் திக்லிப்பூர் சேரலாம். விடுதிக்கு முன்னதாகவே தொலைபேசியில் கேளுங்கள்: வண்டி நிறுத்துமிடத்தருகே 15 ஆம்பியர் பிளக் உண்டா? எர்த் சரியாயிருக்கிறதா? மின்வெட்டு நேரம் எது? இத்தகைய பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட் அளவே ஏறும். செலவான 28 யூனிட்டை நிரப்பப் பத்து மணி நேரமாகும். சாதாரண எக்ஸ்டென்ஷன் வயரைப் பயன்படுத்தாதீர்கள், சூடேறித் தீப்பிடிக்கலாம். தீவுகளுக்குத் தமிழகத்திலிருந்து மின்கம்பி வருவதில்லை. பெரும்பகுதி மின்சாரம் அங்கேயே டீசலில் உற்பத்தியாகிறது. 2020-ல் நெய்வேலி நிறுவனம் 20 மெகாவாட் சூரிய மின்நிலையமும் அமைத்தது. ஆகையால் மின்வெட்டுக்கும் இடம் வைத்தே நேரத்தைக் கணக்கிடுங்கள்.

தமிழக நெடுஞ்சாலைகளில் வசதி அதிகம். 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் நிலையம் வேண்டும் என்று மத்திய அரசு 2019-ல் வழிகாட்டியது. ஆனாலும் ஒரே நிலையத்தை நம்பிப் போகாதீர்கள். அது பழுதாயிருந்தால் அடுத்தது எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். விரைவு சார்ஜரில் 80 சதவீதம் ஏறியதும் புறப்படுங்கள். அதற்குமேல் மெதுவாகவே ஏறும், பின்னால் ஒரு குடும்பமும் காத்திருக்கும்.

கடைசியாக, விடுதி, சார்ஜிங் நிலையம் ஆகியவற்றின் எண்களைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். காட்டுப்பாதையில் கைபேசிக்கு சிக்னல் கிடைக்காது. எவ்வளவு தூரம் என்று மாத்திரமல்ல, எங்கே நிற்க முடியாது என்றும் விசாரித்துப் புறப்படுங்கள்.