திருச்சியில் கோப்பு, புனேயில் திருத்தம்

எங்கள் தகப்பனார் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். அவருடைய டைரிகளைத் திருச்சியில் என் தம்பி கம்ப்யூட்டரில் தட்டி வைக்கிறான். நான் புனேயில் இருந்தபடியே திருத்துகிறேன். அது எப்படி என்று சங்க அன்பர்கள் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

நான் உபயோகிப்பது ஈமாக்ஸ் என்ற எழுத்துத் தொகுப்பான். 1976-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பிறந்தது. இன்றுள்ள க்னூ ஈமாக்ஸை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-ல் வெளியிட்டார். காசு கொடுக்க வேண்டியதில்லை. ஒர்க்‌ஷாப்பில் லேத் ஒன்று வந்தால் அதற்கு வேண்டிய ஜிக், ஃபிக்ஸ்சர்களை நாமே செய்துகொள்வோம் அல்லவா? அதுபோல, லிஸ்ப் என்ற கணினி மொழியில் நாலு வரி எழுதி இதற்குப் புது வேலைகளைக் கற்றுக்கொடுக்கலாம். தமிழ்99 விசைப்பலகையும் உள்ளேயே இருக்கிறது.

தூரத்துக் கோப்பைத் திறப்பது டிராம்ப் என்ற பகுதி. 2007-ல் வந்த 22-ஆம் பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. கோப்பின் பெயருக்கு முன்னால் எஸ்.எஸ்.எச். என்ற இணைப்பு முறை, பயனர் பெயர், மறுமுனைக் கம்ப்யூட்டரின் பெயர் மூன்றையும் சேர்த்தால் போதும். (திருச்சிக் கம்ப்யூட்டரை வெளியிலிருந்து எட்டும்படி தம்பி மகன் ஏற்பாடு செய்து கொடுத்தான்.) கோப்பின் நகல் இங்கே வரும், திருத்திச் சேமித்தால் அங்குள்ளதே மாறும். அதே சமயம் தம்பியும் திருத்தியிருந்தால், "கோப்பு மாறியிருக்கிறதே, சேமிக்கவா?" என்று ஈமாக்ஸ் கேட்கும். அவசரப்பட்டு ஆமாம் போடாமல் தம்பிக்கு ஒரு போன் செய்வது உத்தமம்.

அடுத்தது செயற்கை நுண்ணறிவு. ஜிபிடெல் என்ற இணைப்பைச் சேர்த்தால், தேர்ந்தெடுத்த பத்தி அந்தச் சேவைக்குப் போய், பதில் அதே இடத்தில் வந்து நிற்கும். எழுத்துப்பிழை மட்டும் பார்க்கச் சொன்னேன். அப்பா எழுதியிருந்த "காவேரி வாராவதி" என்பதை அது "காவிரிப் பாலம்" ஆக்கிவிட்டது! நாலு பக்கம் இப்படி. நான் கவனிக்காமல் சேமித்தும் விட்டேன். மூல டைரியிலோ அந்தப் பக்கங்களைக் கரையான் அரித்திருந்தது. நல்லவேளை, ஈமாக்ஸ் முதல் தடவை சேமிக்கும்போது பழையதை ஒரு நகல் எடுத்து வைக்கும் வழக்கமுள்ளது. அன்றே பார்த்ததால் பிழைத்தேன்.

இப்போது ஒரே வரி லிஸ்ப் சேர்த்து, நகல்களுக்கு எண் போட்டு எல்லாவற்றையும் வைத்திருக்கச் செய்துள்ளேன். பழையது, புதியது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டே மாற்றத்தை ஏற்கிறேன். கடன், குடும்பச் சண்டை உள்ள பக்கங்களை வெளிச் சேவைக்கு அனுப்புவதேயில்லை. அவற்றுக்கு ஒல்லாமா மூலம் என் கம்ப்யூட்டரிலேயே ஓடும் ஒரு சிறு மாடல் உண்டு. மெதுவானது; தமிழும் சுமார்தான்.

தம்பி இப்போது 1961-ஆம் வருட டைரியில் இருக்கிறான்.