மெதுவாகத் துடிப்பதே இளையது

"நட்சத்திரத்துக்கு வயது சொல்கிறார்களே, அதன் பிறந்த தேதியை யார் எழுதி வைத்தது?" என்று நம் ஊரான பாகாயத்திலிருந்தே ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சந்தைக்கு வரும் ஆட்டுக்கும் பிறந்த தேதி கிடையாது. வாயைத் திறந்து இரண்டு பல்லா, நாலு பல்லா என்று பார்த்து வயதைச் சொல்லிவிடுகிறோம். சுருங்கி விரியும் விண்மீன்களுக்கு, ஒரு துடிப்புக்கு ஆகும் காலம்தான் பல்.

அப்படித் துடிக்கும் செஃபீட் வகை விண்மீன்களில் மூன்று நாளுக்கொரு முறை துடிப்பதற்கு வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டு. முப்பது நாள் எடுத்துக்கொள்வதற்கோ 2, 3 கோடிதான். குழந்தையின் நாடி ஓடும், பெரியவர் நாடி நடக்கும் என்று பழகிய எனக்கு, இது முதலில் நம்பவே முடியாததாக இருந்தது. கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பை நினைத்த பிறகே விளங்கிற்று. வண்டி விறகை அடுக்கினாலும் விடிவதற்குள் சாம்பல். வீட்டு அடுப்போ நாலு சுள்ளியில் நெடுநேரம் கனியும். அதுபோல அதிக நிறையோடு பிறந்த மீன் எரிபொருளை விரைவில் தீர்த்து, துடிக்கும் பருவத்தைச் சின்ன வயதிலேயே எட்டுகிறது. உடல் பெருத்திருப்பதால் ஒரு முறை விரிந்து சுருங்க அதற்கு நாளாகிறது. மீன் தன்னைத் தானே சுற்றும் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் வயது இன்னும் கூடும்.

மிரா வகைச் செம்மீன்களுக்கும் விதி இதுவே. ஆனால் துடிப்பு நூற்றுக்கணக்கான நாள், வயது நூற்றுக்கணக்கான கோடி ஆண்டு. அவற்றில் ஒன்றான ஆர் ரெட்டிகுலியை 1867இல் கண்டுபிடித்தவர் நம்மவர், சென்னை வானாய்வகத்தில் பணிசெய்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. அதன் துடிப்பு சுமார் 278 நாள். சென்னையிலிருந்து பார்த்தால் அந்த மீன் தெற்கு அடிவானத்திலிருந்து 14 பாகைக்கு மேல் எழும்பவே எழும்பாது. அவ்வளவு தாழ்வில் அதைப் பிடித்தவர் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தராமல் இருப்பது பெரிய குறை.

பாகாயத்து மொட்டைமாடியில் நின்று தெற்கே பார்த்தால் இன்று அந்த உயரத்தில் வெறும் வெளிச்சப் புகைதான் தெரிகிறது. ஜவ்வாது மலையில், காவலூரில், 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. அதற்கு வேண்டியது இருட்டு. டேனரி, மண்டபம், பெட்ரோல் பங்க் நடத்துகிறவர்களே, உங்கள் விளக்குகளுக்கு மேல்மூடி போட்டு, வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்புங்கள்.