கண்ணாடியில் ரிக்கற், காலில் வருத்தம்

கடந்த மாரி காலத்தில் ஒரு ஐயா எமது கிளினிக்குக்கு வந்தார். வயது அறுபத்திரண்டு. கையில் மஞ்சள் பிளாஸ்ரிக் உறையொன்று. கதிரையில் இருக்க முதலே அதை மேசையில் வைத்துவிட்டு, “டொக்டர், எனக்கு வருத்தம் ஒண்டும் இல்லை. ஒரு கடிதம் மட்டும் எழுதித் தாங்கோ, காணும்” என்றார்.

உறைக்குள் இருந்தது கவுன்சில் கொடுத்த பார்க்கிங் ரிக்கற். கடைத்தெருவில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில் காரை விட்டிருக்கிறார். புளூ பாட்ஜ் என்று நாம் எல்லோரும் சொல்லும் நீல அட்டை அவரிடம் இல்லை. “அண்டைக்குக் காலுக்கு ஏலாமல் இருந்தது எண்டு நீங்கள் போட்டால் விட்டிடுவாங்கள்” என்பது அவருடைய எண்ணம்.

அன்றைக்கு மட்டும்தானா ஏலாமல் இருந்தது என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: எட்டு மாதமாகவே அப்படித்தான். கார் தரிப்பிடத்திலிருந்து தமிழ்க்கடைக்கு நடக்கும்போது பாதி வழியில் வலது கெண்டைக்கால் இறுகிக்கொள்ளும். இரண்டு நிமிடம் நின்றால் சரியாகிவிடும். “றோட்டிலை சும்மா நிண்டால் ஆக்கள் பார்ப்பினம் எண்டு, கடைக் கண்ணாடிக்குள்ளை சாமான் பார்க்கிற மாதிரி நிப்பன்” என்றார். பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம். சிகரெட்டை விட்டு மூன்று வருடம். சப்பாத்தையும் மேசையும் கழற்றச் சொல்லிப் பார்த்தோம். வலது பாதத்தில் நாடி எமது விரலுக்குத் தட்டுப்படவில்லை.

இந்த நோய்க்கு ஆங்கில மருத்துவர்களிடையே ‘கடைக் கண்ணாடி பார்ப்பவரின் நோய்’ என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு. அவருக்கு அது தெரியாது. காலுக்குப் போகும் இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிந்து ஒடுங்கும்போது, நடக்கையில் தசைக்குத் தேவையான இரத்தம் போய்ச் சேராது. அதனால் நோகும், நின்றால் ஆறும். காலில் இப்படியென்றால் இருதயத்துக்கும் மூளைக்கும் போகும் குழாய்களும் சுத்தமாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கவனிக்காமல் விட்ட சிலருக்கு, விசேடமாகச் சீனி வருத்தக்காரருக்கு, ஆறாத புண் வந்து விரலையோ காலையோ எடுக்கவேண்டி வருவதும் உண்டு. எட்டு மாதமாக அவர் காரைக் கடைக்குக் கிட்டக் கிட்டக் கொண்டுபோய் விட்டுச் சமாளித்திருக்கிறார். அந்த ரிக்கற் வராவிட்டால் எம்மிடம் வந்தேயிருக்க மாட்டார்.

(ஐயாவிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறோம். ஆளை அடையாளம் காணக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறோம்.)

இனி ரிக்கற் விடயம். அந்த இடத்தில் நிறுத்தும் உரிமையைத் தருவது அட்டை, வருத்தம் அல்ல. இதை நம்மவர்கள் பலர் மாற்றி விளங்கி வைத்திருக்கிறார்கள். அட்டை இல்லாமல் நிறுத்தியவருக்கு, கால் உண்மையிலேயே ஏலாமல் இருந்தாலும், சட்டப்படி ரிக்கற் சரியானதே. கவுன்சில் விரும்பினால் நிலைமையைக் கருதித் தள்ளுபடி செய்யலாம், ஆனால் அது அவர்களுடைய பெருந்தன்மை. ஐயாவுக்கு இதைத் திறந்து சொன்னோம். ரிக்கற் கிடைத்துப் பதினோராவது நாள். பதினான்கு நாளுக்குள் எழுதினால், மறுப்பு வந்தாலும் பாதிப் பணத்துடன் முடிக்கப் பெரும்பாலான கவுன்சில்கள் திரும்பவும் இடம் தரும். மகளைக் கொண்டு உண்மையை உள்ளபடி எழுதுவித்தார். கவுன்சில் மறுத்தது. பாதியைக் கட்டினார்.

இன்னொரு அன்ரியின் கதை வேறு. மூட்டுவாதம், இரண்டு முழங்காலிலும் வீக்கம், முறைப்படி கிடைத்த நீல அட்டை. மகன் காரோட்ட, அன்ரி முன் ஆசனத்தில். அட்டையையும் மறக்காமல் டாஷ்போட்டில் வைத்திருக்கிறார்கள், படம் மேலே தெரியும்படி. நம் வீடுகளில் எத்தனையோ பேர் இப்படித்தான் வைக்கிறோம். படத்தைக் காட்டினால்தானே ஆளை நம்புவார்கள்! வைக்கவேண்டிய முறை நேர்மாறு. படம் கீழே இருக்கவேண்டும், காலாவதித் திகதி உள்ள பக்கம் வெளியிலிருந்து வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். ரிக்கற் வந்துவிட்டது. மகன் அன்றிரவே கட்டத் தயாராகிவிட்டார். “அப்பீல் பண்ணப் போனால் அம்மாவின்ரை அட்டையைப் பறிச்சுப்போடுவாங்கள் டொக்டர்” என்றார், இரத்தப் பரிசோதனைக்கு அம்மாவைக் கூட்டிவந்த இடத்தில்.

கட்டவேண்டாம் என்றோம். கட்டினால் விடயம் அத்துடன் முடிந்தது. பிறகு வாதாட முடியாது. அட்டையின் இரு பக்கப் பிரதியையும், அன்று அன்ரி காரில் இருந்தார் என்ற விளக்கத்தையும், அன்றைய பற்சிகிச்சை நேரக் கடிதத்தையும் அனுப்பினார்கள். எமது கடிதம் ஒன்றுமே தேவைப்படவில்லை. ரிக்கற் இரத்தாகிவிட்டது. இதுவும் கவுன்சிலின் இரக்கத்தில் தங்கிய விடயம்தான். அட்டை சரியாகத் தெரியாதது தவறு என்று சொல்லிப் பணம் கேட்கவும் அவர்களால் முடியும். ஆனால் செல்லுபடியாகும் அட்டை உள்ளவரின் முதல் தவறு என்றால் கேட்டுப்பார்க்காமல் விடுவது வீண்.

அந்தத் தம்பியின் பயத்தைக் கண்டு நாம் சிரிக்கவில்லை. நாமும் அகதியாக வந்து இறங்கியவர்கள்தான். மருத்துவப் பட்டம் பெட்டிக்குள் இருக்க, பரீட்சைகளுக்குப் படித்துக்கொண்டு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்த காலத்தில், அரசாங்க முத்திரையுடன் ஒரு மண்ணிறக் கடித உறை கதவடியில் விழுந்தால் நெஞ்சு இடிக்கும். எமக்கும் ஒரு ரிக்கற் வந்தது. குறி அழிந்துபோன கோட்டில் நிறுத்தியதற்காக. வாதாடினால் விசாவுக்குப் பிழை வரும் என்று யாரோ சொல்ல, கடன் வாங்கிக் கட்டினோம். கவுன்சில் தரும் இந்த ரிக்கற் ஒரு சிவில் தண்டம் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரியும். இதை மறுத்து எழுதுவது குற்றமல்ல, பொலிஸ் பதிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இங்கிலாந்தில் ஒழுங்கு இதுதான். முதலில் பதினான்கு நாளுக்குள் கவுன்சிலுக்கு எழுதலாம். மறுத்தால், பணம் கட்டாமல் இருக்கும்போது காரின் சொந்தக்காரருக்கு முறையான அறிவித்தல் வரும். அதற்கு 28 நாளுக்குள் மறுப்பு எழுதவேண்டும். கவுன்சில் 56 நாளுக்குள் பதில் தரவேண்டும், தவறினால் ரிக்கற் விழுந்துவிடும். அதையும் மறுத்தால் சுயாதீனத் தீர்ப்பாயம் இருக்கிறது, அதற்கு 28 நாள். இலண்டனுக்கு ஒன்று, வெளியே மற்றக் கவுன்சில்களுக்கு ஒன்று. இரண்டும் இலவசம், தொலைபேசியிலும் பேசலாம். அங்கே தோற்றால் பாதிக் கழிவு போய் முழுத் தொகை கட்டவேண்டும். அதைக் கணக்குப் பார்த்துத்தான் இறங்கவேண்டும். இந்த வகை ரிக்கற் இலண்டனுக்கு வெளியே பொதுவாக 70 பவுண், இலண்டனில் அதன் இரு மடங்கும் அதற்கு மேலும். செய்யக்கூடாத ஒன்று, கடிதத்தை லாச்சிக்குள் போட்டுவிட்டு இருப்பது. தொகை அரை மடங்கு கூடி, பிறகு நீதிமன்றப் பதிவு, பிறகு வாசலில் பெயிலிவ்.

சுப்பர்மார்க்கெட் தரிப்பிடங்களில் வருவது அநேகமாகத் தனியார் கம்பனிகளின் சீட்டு. கவுன்சில் சீட்டைப் போலவே பிசிஎன் என்று தலைப்பிட்டிருந்தாலும் அது தண்டம் அல்ல, ஒப்பந்தத்தை மீறியதாகச் சொல்லிக் கேட்கும் பணம். கம்பனிக்கு எழுதிச் சரிவராவிட்டால் பொப்லா அல்லது ஐஏஎஸ் என்ற அமைப்புக்குப் போகலாம் (நம்மவர் பிள்ளைகளுக்குக் கனவு காணும் ஐஏஎஸ் அல்ல). நடக்க நேரம் கூடுதலாகப் பிடித்ததால் நேரம் தாண்டியது என்றால், 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள். என்எச்எஸ் மருத்துவமனைகளில் நீல அட்டைக்காரருக்குத் தரிப்பிடம் இலவசம் என்றாலும், சில இடங்களில் கார் இலக்கத்தை வரவேற்பில் பதியவேண்டும். பதியாமல் வந்து சீட்டு வாங்கியவர்கள் எமது பட்டியலில் மூவர்.

ஒரு விடயத்தில் மட்டும் நாம் இரக்கம் காட்டுவதில்லை. கோயில் திருவிழாவன்று அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு, அம்மாவின் அட்டையைப் போட்டுக் கோயிலடியில் காரை விட்ட ஒருவர் பிடிபட்டார். அம்மா காரில் வந்தார், உள்ளே இளைப்பாறினார் என்று எழுதித் தரக் கேட்டார். மாட்டோம் என்றோம். எமது பதிவுக்கு ஆபத்து என்பது ஒரு பக்கம். மற்றது, அட்டை அம்மாவுக்குரியது, காருக்குரியதல்ல. அம்மா ஏறும் எந்தக் காரிலும், வாடகைக் காரிலும்கூட அதைப் பாவிக்கலாம். அம்மா இல்லாத காரில் பாவிப்பது குற்றவியல் குற்றம், ஆயிரம் பவுண் வரை அபராதம். இதுதான் உண்மையில் பதிவில் ஏறக்கூடிய விடயம். அன்றைக்கு அதே தெருவில், செயற்கைக் காலுடன் வந்த ஒருவர் இடமில்லாமல் மூன்று தடவை சுற்றிவிட்டு அர்ச்சனை செய்யாமலே வீட்டுக்குத் திரும்பிப் போனார். அவரும் எமது நோயாளிதான். ஷெல்லில் காலைக் கொடுத்தவர்.

தகுதியுள்ள எத்தனையோ பேர் விண்ணப்பிப்பதேயில்லை என்பது இதன் மறுபக்கம். மகளுக்குச் சம்பந்தம் பேசும் நேரத்தில் காரில் அந்த அட்டை தெரியக்கூடாது என்று ஒரு தகப்பன் எம்மிடம் சொன்னார். 2019 ஓகஸ்ட் 30 முதல் இங்கிலாந்தில் வெளியே தெரியாத குறைபாடுகளுக்கும் அட்டை கிடைக்கும். ஓட்டிசம் உள்ள பிள்ளை, மறதிநோய் வந்த முதியவர், தடுப்பு முகாமில் பட்டது இன்னும் மனதை விட்டுப் போகாததால் சனக்கூட்டத்துக்குள் நடக்கவே முடியாதவர். எல்லோருக்கும் கிடைக்கும் என்றில்லை. எவ்வளவு தூரம், எப்படி, என்ன ஆபத்துடன் போகிறார் என்று பார்ப்பார்கள். முடிவெடுப்பது கவுன்சில், ஜிபி அல்ல. எமது கடிதத்துக்குப் பல கிளினிக்குகளில் கட்டணமும் உண்டு. அதற்குக் காசு கட்ட முதல் உங்களிடம் இருப்பதைத் தேடுங்கள்: விசேட வைத்தியரின் கடிதப் பிரதி, மருந்துப் பட்டியல், பிப் கொடுப்பனவு முடிவுக் கடிதம். நடமாட்டப் பிரிவில் ‘நடந்து திரிதல்’ என்ற செயலுக்கு மட்டும் எட்டுப் புள்ளியோ அதற்கு மேலோ இருந்தால் அந்த ஒரு கடிதமே போதும். விண்ணப்பத்தில் “கால் நோ” என்று எழுதாமல், எத்தனை மின்கம்பம் தாண்டி நிற்கிறீர்கள், எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்று எழுதுங்கள். எம்மிடம் வரும்போதும் அப்படியே சொல்லுங்கள். நடக்கும்போது நொந்து, கடையில் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து நடந்தால் சுகமாக இருக்கிறதென்றால் அது இரத்தக் குழாயாக இல்லாமல் முள்ளந்தண்டாகவும் இருக்கலாம். நெஞ்சு இறுகினால் அது வேறு, அதற்கு அட்டையைப் பற்றி யோசிக்காமல் உடனே வாருங்கள்.

முதலில் சொன்ன ஐயாவுக்குக் கொழுப்பைக் குறைக்கும் குளிசையும், இரத்தம் உறையாமலிருக்க ஒரு குளிசையும் கொடுத்து, இரத்தக் குழாய் வைத்தியரிடம் அனுப்பினோம். அங்கே அவருக்குச் சொன்ன முதல் வைத்தியம் நடை. கிழமைக்கு இரண்டு மணித்தியாலம், மூன்று மாதம், மேற்பார்வையுடன். நோ உச்சத்துக்கு வரும்வரை நட, நில், திரும்ப நட. “நடக்க ஏலாது எண்டு வந்தவனை நடக்கச் சொல்லுறாங்கள்” என்று எம்மிடம் வந்து கோபித்தார். இடையில் நீல அட்டைக்கும் விண்ணப்பித்திருந்தார். மதிப்பீட்டுக்குக் கூப்பிட்டபோது முன்னரைப்போல் இரண்டு மடங்கு தூரம் நடந்து காட்டிவிட்டார். அட்டை கிடைக்கவில்லை.

போன மாதம் இரத்தப் பரிசோதனைக்கு வந்திருந்தார். காரை எங்கே விட்டீர்கள் என்று கேட்டோம். பூங்காவுக்கு அந்தப் பக்கம், காசு கட்டத் தேவையில்லாத தெருவிலாம். வழியில் ஒரு தடவைதான் நின்றாராம், அதுவும் தெரிந்த ஒருவரோடு கதைக்க.