கொத்தும் கோழிக்குக் கோபமில்லை

வாலுக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்கு இறகு போய்த் தோல் சிவந்து தெரியும். கிட்டத்தில் பார்த்தால் சில இறகுகள் பாதியில் முறிந்து குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கும். மொட்டை மாடியிலோ கொல்லையிலோ கம்பிவலை கட்டி நாலைந்து கோழி வளர்ப்பவர்கள் முதலில் சந்தேகப்படுவது பூனையை, அடுத்து, நோயை. கூண்டுக்கு எதிரே அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஒரு பெட்டைக்கோழி இன்னொன்றின் பின்னால் போய் நிற்கும். ஓர் இறகைக் கவ்வும், வெடுக்கென்று பிடுங்கும். பல சமயம் அதை விழுங்கியும் விடும்.

'சண்டைக்காரக் கோழி' என்று அதற்குப் பட்டம் கட்டி, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு நாள் குறித்துவிடுவார்கள். அவசரம் வேண்டாம். கோழிகளுக்குள் சண்டை உண்டுதான். யார் யாரைக் கொத்தலாம் என்று அவை தமக்குள் ஒரு வரிசை வைத்திருக்கின்றன என்பதை நார்வேக்காரர் தோர்லெய்ஃப் ஷெல்டெருப்-எப்பே 1920களின் தொடக்கத்திலேயே எழுதி வைத்தார். ஆனால் அந்தச் சண்டை முகத்துக்கு முகம் நடப்பது. கொத்து தலையிலும் கொண்டையிலும் விழும், சட்டென்று முடிந்துவிடும். இறகு பிடுங்குவது பின்பக்கமாக, நிதானமாக, தரையில் எதையோ பொறுக்குவது போல நடக்கிறது. கோபத்தின் அடையாளமே அதில் இருக்காது.

உண்மையில் அது பொறுக்கும் வேலைதான், இடம்தான் மாறிவிட்டது. வீட்டுக் கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழியை ஒரு விலங்குக் காட்சிசாலையில் கவனித்த மரியன் டாக்கின்ஸ், 1989இல் வெளியிட்ட கணக்கு இது: பார்த்த நிமிடங்களில் சுமார் 60 சதவீதத்தில் அவை தரையைக் கொத்திக்கொண்டிருந்தன, 34 சதவீதத்தில் காலால் கிளறிக்கொண்டிருந்தன. அவற்றுக்குத் தீனி தாராளமாகக் கிடைத்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வயிறு நிறைந்தாலும் அலகு ஓய்வதில்லை. கிளற மண்ணே இல்லாத சிமெண்டுத் தரையில் அந்த அலகு எங்கே போகும்? எதிரே நிற்பவளின் முதுகுக்குத்தான். பூட்டி வளர்க்கப்படும் முட்டைக்கோழிகளில் இறகு கொத்துவது திசை மாறிய இரைதேடலே என்பதை டச்சு ஆய்வாளர் ஹாரி ப்ளாக்ஹவுஸ் 1980களில் சோதனைகளோடு விளக்கினார்.

கிராமத்தில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் குப்பைமேட்டுக்கு ஓடும் சிறுவிடைக் கோழிக்கு இந்தப் பழக்கம் அவ்வளவாக இல்லாததற்குக் காரணம் அதன் நற்குணம் அல்ல. பொழுது சாயும்வரை அதற்குக் கரையான், புல்விதை, சாணிப்புழு என்று வேலை இருக்கிறது. அதே கோழியை மாடிக் கூண்டில் அடைத்துப் பார்த்தால் தெரியும்.

தீனிக்கும் இதில் பங்கு உண்டு. இறகு ஏறக்குறைய முழுக்கப் புரதம். முட்டையிடும் கோழியின் தீனியில் 16 சதவீதம் அளவுக்காவது புரதம் வேண்டும். பலர் அள்ளிப் போடும் நொய்யரிசியில் அதில் பாதிதான் இருக்கும். மீந்த சோறும் அதே கதைதான். குறிப்பாக மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் போதாமல் போனால் கொத்து அதிகமாகும். கடையில் விற்கும் முட்டைக்கோழித் தீவனத்தையே பிரதானமாக வைத்து, நொய்யைக் கைத்தீனியாக மட்டும் போடுவது நல்லது. கைத்தீனியையும் தட்டில் வைக்காமல் உமிக்குள் இறைத்துவிட்டால் அது பாதி நாள் வேலையாகிவிடும்.

இறகு போனதெல்லாம் கொத்தால் போனதாகாது. ஆண்டுக்கொரு முறை இறகு உதிர்த்துப் புதிது போடுவது கோழியின் இயல்பு; அப்போது வெறுந்தோலில் முள் முளைத்தது போலப் புது இறகின் குருத்து தெரியும். தோளிலும் பிடரியிலும் மட்டும் மொட்டையானால் சேவலின் வேலை. இரண்டு மூன்று பெட்டைக்கு ஒரு சேவல் என்பது அதிகம். இரவில் டார்ச் அடித்துக் கோழி அடையும் கம்பின் இடுக்குகளைப் பார்ப்பதும் அவசியம். பகலில் அங்கே ஒளிந்திருந்து ராத்திரி ரத்தம் குடிக்கும் செஞ்செள் இருந்தால், வேறு எந்த வைத்தியமும் பலிக்காது.

ரத்தம் வந்துவிட்டால் கதை வேறு. சிவப்பு எதுவும் கோழிக்குக் கொத்த இழுக்கும் நிறம். ஒன்று தொடங்கினால் கூட்டமே சேர்ந்துகொள்ளும். முதன்முதலாக முட்டையிடத் தொடங்கும் பெட்டைகளுக்கு ஆபத்து அதிகம். முட்டை வெளிவரும்போது குதத்தின் உட்சதை ஒரு கணம் பிதுங்கிச் சிவப்பாகத் தெரியும். வெளிச்சத்தில் எல்லோர் பார்வையிலும் முட்டையிட்டால் அந்தச் சதையிலேயே கொத்து விழுந்து, குடல்வரை போய் உயிரே போய்விடும். முட்டைப் பெட்டியின் வாயில் ஒரு கோணிச்சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்குவது பெரிய செலவில்லை.

பெரிய பண்ணைகள் இதற்குக் கண்ட வழி, குஞ்சிலேயே அலகின் நுனியை வெட்டிவிடுவது. நாமக்கல்லில் அது அன்றாட வேலை. அலகின் நுனி நரம்புகள் நிறைந்த இடம், வலிக்கும். நார்வே, ஸ்வீடன், பின்லாந்து இதைச் சட்டப்படி தடுத்திருக்கின்றன. ஜெர்மனியில் 2017 முதல் அலகு வெட்டிய முட்டைக்கோழிகளைப் புதிதாகப் பண்ணையில் விடுவதில்லை என்று தொழில்துறையே ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் ஒருவர் கோழிக்கு மூக்குக்கண்ணாடி மாட்ட 1903இல் காப்புரிமையே வாங்கினார்! பின்னாளில் சிவப்புக் கண்ணாடி வந்தது; உலகமே சிவப்பானால் ரத்தம் தனியாகத் தெரியாது என்ற கணக்கு. காண்டாக்ட் லென்ஸ்கூட வந்தது, கோழிகளின் கண் புண்ணானதுதான் மிச்சம். பர்டூ பல்கலைக்கழகத்தின் வில்லியம் மியூர் வேறு வழியில் போனார். தனிக்கோழியைப் பார்க்காமல், சாவு குறைந்த கூண்டின் கோழிகளை மொத்தமாகத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்தார். அலகு வெட்டாத கோழிகளில் 68 சதவீதமாக இருந்த ஆண்டுச் சாவு சில தலைமுறைகளுக்குள் 9 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. பரம்பரைக்கும் இதில் கை இருக்கிறது என்பதற்கு அது சான்று.

வீட்டில் நாலு கோழி வைத்திருப்பவருக்குக் கத்தியும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். தரையில் நெல் உமியோ தேங்காய் நார்க்கழிவோ நாலு அங்குலத்துக்குக் கொட்ட வேண்டும். அகத்தியையோ முருங்கைக்கீரையையோ கொத்தாகக் கட்டி, எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிடலாம். ஒரு மூலையில் மண்ணும் சாம்பலும் போட்டால் புரண்டுகொள்ளும். ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி என்பது பண்ணைக் கணக்கு. வீட்டில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு கொடுக்க முடியாதென்றால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியதுதான்.

காயம்பட்ட கோழியை அன்றே பிரித்து, வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சளைத் தடவி, ஆறும்வரை தனியே வைக்க வேண்டும். பிடுங்கிய கோழியையும் சில நாள் ஒதுக்கி வைப்பது பலன் தரும். திரும்பச் சேர்க்கும்போது ஒரு வாரம் நடுவில் வலை கட்டி முகம் பழகவிட்டு, பிறகு இருட்டிய பின் கம்பில் ஏற்றி உட்கார வைப்பது அனுபவசாலிகளின் வழக்கம். அதற்குப் பிறகும் அது முதுகைத் தேடிப் போனால், திறந்த கொல்லையுள்ள வீட்டுக்குக் கொடுத்துவிடலாம்.