கார்த்திகைக்கு ஒரு சக்கரம்

வறட்டியை வட்டமாக அடுக்கி, அதற்குள் இரும்புப் பட்டாவைக் கிடத்தித் தீ மூட்டுவார்கள். பட்டா பழுக்கக் காய்ந்ததும் நான்கு பேர் இடுக்கியால் தூக்கிவந்து, தரையில் படுத்திருக்கும் மரச் சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். மரம் புகையும், சில இடத்தில் தீயும் பிடிக்கும். அந்த நொடிக்காகத்தான் நாங்கள் சிறுவர்கள் தவலைத் தண்ணீரோடு காத்திருப்போம். ஊற்றியதும் சீறிக்கொண்டு பட்டா சுருங்கும். வட்டையும் ஆரக்காலும் ஒன்றோடொன்று நெருக்கி இறுகும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். ஆசாரி சுத்தியலால் சுற்றிலும் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார். எந்த ஆரக்காலாவது பொத்தென்று ஒலித்தால் முகம் மாறிவிடும்.

கலசபாக்கம் பக்கம், செய்யாற்றங்கரையில் எங்கள் கிராமம். 1970களில் அங்கிருந்து திருவண்ணாமலைக்குக் கட்டை வண்டியில்தான் போவோம். தீபத்தையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தைக்குப் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் ராத்திரியில் வரிசையாகக் கிளம்பும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே அப்பாவுக்கு வேறு வேலை ஓடாது. அச்சாணியைப் பிடுங்கிப் பார்ப்பார். வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த மையை அச்சுக்குப் போடுவார். சக்கரத்தை ஆட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார்.

சக்கரத்துக்குப் பருவம் உண்டு என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. சித்திரை வெயிலில் மரம் காய்ந்து சுருங்கும், பட்டா கலகலக்கும். அப்படியே ஓட்டினால் பாதி வழியில் பட்டா கழன்று உருண்டு போய்விடும். அதனால் ஏரியில் மிச்சமிருக்கும் குட்டையில் வண்டியை இறக்கி ராத்திரி முழுக்க நிறுத்திவைப்பார். விடிவதற்குள் மரம் ஊறிப் பட்டாவைப் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் பிரச்சினை வேறு. செய்யாற்று மணலில் மெல்லிய பட்டா அறுத்துக்கொண்டு இறங்கும். பாரத்தைக் குறைத்து, இரண்டு ஜோடி மாடு பூட்டித்தான் அக்கரை ஏறுவார்கள். ஒரே சக்கரம்தான். ஆனால் வெயிலுக்கு ஒரு பக்குவம், மழைக்கு ஒரு பக்குவம்.

பிறகு டயர் வண்டி வந்தது. பேரிங் வைத்த அச்சு, காற்றடைத்த ரப்பர் டயர். அதே மாடு கூடுதல் பாரத்தை அலுப்பில்லாமல் இழுத்தது, மணலில் சக்கரம் புதையவில்லை, தார்ச்சாலையும் கிழியவில்லை. இதை இழப்பென்று நான் சொல்லமாட்டேன். மாட்டின் கழுத்தை அறிந்தவர் யாரும் சொல்லமாட்டார். பட்டா போடும் சத்தம் மட்டும் ஊரில் நின்றுபோனது.

லாரிகளுக்கும் பஸ்களுக்கும் அப்போது நைலான் டயர். தேய்ந்ததும் தூக்கிப் போடமாட்டார்கள், மேல் ரப்பரை மட்டும் புதிதாக ஒட்டி ரீபட்டன் போட்டு ஓட்டுவார்கள். சாலையைப் பிடிக்கிற அந்தக் கட்டங்களுக்கு எங்கள் பக்கத்துப் பேர் ‘பட்டன்’. இன்று எம்.ஆர்.எஃப். என்று உலகமறிந்த கம்பெனியே 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கி, 1952இல் ரீபட்டனுக்கான ரப்பருக்கு வந்து, அதன் பிறகே டயருக்குள் நுழைந்தது. 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரியும் வரை, அவர்களுடைய அரக்கோணம் தொழிற்சாலையும் எங்கள் வீடும் ஒரே வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தன.

இப்போது எங்கும் ரேடியல், டியூப்லெஸ். பஞ்சர் ஆனாலும் காற்று படாரென்று இறங்குவதில்லை. டயர் நன்றாக ஆக ஆக, அதைக் குனிந்து பார்க்கும் பழக்கம் எங்களைவிட்டுப் போனது. வண்டி வாங்கும்போது என்ன டயர் வந்ததோ அதுதான், பட்டன் தேயும் வரைக்கும். பங்குனியும் கார்த்திகையும் அதற்கு ஒன்று.

இதை எனக்கு உறைக்கவைத்தவன் டொரொண்டோவில் ஸ்கார்பரோ பக்கம் இருக்கும் தம்பி மகன். போன முதல் வருஷம் காரோடு வந்த ‘ஆல் சீசன்’ டயரையே பனிக்காலத்துக்கும் வைத்துக்கொண்டான். எல்லாப் பருவத்துக்கும் என்று பேரிலேயே இருக்கிறதே, போதும் என்று நினைத்தான். டிசம்பரில் ஒரு நாள் சிக்னலில் பிரேக்கை மிதித்திருக்கிறான். சக்கரம் நின்றுவிட்டது, கார் நிற்கவில்லை. மெதுவாக, ஒரு படகைப் போல, நாற்சந்தியின் நடு வரைக்கும் போய் நின்றது. எதிரில் வண்டி வராததால் பிழைத்தான். “மிதிச்சிட்டே இருக்கேன் பெரியப்பா, அது பாட்டுக்குப் போகுது” என்று போனில் சொன்னபோது அவன் குரல் எப்படி இருந்தது என்பது இன்னும் காதில் இருக்கிறது.

விஷயம் ரப்பரின் இளக்கத்தில் இருக்கிறது. சாலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் உண்டு. அவற்றுக்குள் ரப்பர் அமுங்கி இறங்கினால்தான் பிடிப்பு. வெப்பம் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும்போது கோடை டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்குகிறது. ஆல் சீசன் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சமரசம். லேசான குளிருக்குத் தாங்கும், கெட்டிப்பட்ட பனிக்கும் ஐஸுக்கும் போதாது. பனிக்கால டயரின் ரப்பர் கடுங்குளிரிலும் இளகியே இருக்கும்படி சேர்க்கப்பட்டது. அதன் பட்டன் ஒவ்வொன்றிலும் மயிரிழை போன்ற பிளவுகள் உண்டு, அவைதான் பனியைக் கவ்வுகின்றன. பனிக்காலத்துக்கென்று தனி டயரை முதலில் செய்தவர்கள் பின்லாந்துக்காரர்கள். இன்று நோக்கியன் டயர்ஸ் என்ற பேரில் இருக்கும் நிறுவனம் 1934இல் லாரிகளுக்காகச் செய்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் இல்லாமல் கார் ஓட்டினால் அபராதம். தம்பி மகன் இருக்கும் ஒன்டாரியோவில் அப்படிக் கட்டாயம் இல்லை. போட்டுக்கொண்டால் 2016 முதல் காப்பீட்டுக் கம்பெனிகள் கட்டணத்தில் தள்ளுபடி தந்தாக வேண்டும், அவ்வளவுதான். அடுத்த வருஷமே அவன் போட்டுக்கொண்டான். இரண்டு செட் வாங்குவது செலவுதான். ஆனால் ஒன்று ஓடும்போது மற்றது கராஜில் தூங்குகிறது, அதனால் இரண்டும் அந்த அளவுக்குக் கூடுதல் காலம் வருகின்றன.

அவன் டயர் மாற்றுவது நவம்பரில். எங்களுக்கு அது ஐப்பசி கழிந்து கார்த்திகை பிறக்கும் நேரம்.

திருவண்ணாமலையில் பனி பெய்யாது. இங்கே அந்த இடத்தில் இருப்பது மழை. வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும்போதுதான் தீபம் வருகிறது, ஊருக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து விழுந்து வ.உ.சி. நகரில் 7 உயிர்கள் போனதை ஊர் மறக்காது. மலையை அண்ணாந்து பார்த்துப் பயப்படக் கற்றுக்கொண்டோம். காலடியில் இருக்கும் சாலையை இன்னும் அப்படிப் பார்க்கவில்லை.

2015 கார்த்திகை. தீபத்துக்கு இன்னும் சில நாள். உறவுக்காரர் வீட்டுக்குப் போக ஒரு வாடகைக் கார் பிடித்திருந்தேன். செங்கம் சாலையில் ரமணாசிரமம் தாண்டி வரும்போது தூறல் பிடித்தது. பெருமழையைவிட முதல் தூறல் மோசம். பல நாளாகப் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு குழைந்து பசையாகிவிடும், கொட்டி அலசிவிட்டால்கூடப் பரவாயில்லை. முன்னால் போன ஆட்டோ நின்றது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். காரின் பின்பக்கம் இடது புறமாக வழுக்கிக்கொண்டு திரும்பியது. அந்தப் பக்கம் கிரிவலம் போகிறவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

கை நீட்டினால் தொடும் தூரத்தில் கார் நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பாட்டி. கையில் கற்பூரப் பொட்டலம், காலில் செருப்பு இல்லை. கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் வெறுங்காலோடு சுற்றுகிறவர்கள் அவர்கள். பாட்டி என்னைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், “அண்ணாமலையானே” என்று சொல்லிவிட்டு நடந்தார். டிரைவருக்குக் கை நடுங்கியது. எனக்கும்தான்.

காலையில் பஞ்சர் கடையில் அந்த வண்டியை நிறுத்தியபோது நானும் கூடவே போனேன். பின் டயரில் பட்டன் நன்றாகவே இருந்தது, எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைக்காரர் டயரின் பக்கச் சுவரைத் துடைத்து, நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு எண்களைக் காட்டினார்: 3206. “2006ஆவது வருஷம், 32ஆவது வாரம் செஞ்சது சார். ஸ்டெப்னியா கெடந்திருக்கும், எடுத்து மாட்டிட்டாங்க.” கட்டைவிரல் நகத்தால் ரப்பரை அழுத்தினார். நகம் இறங்கவில்லை. பக்கத்தில் இருந்த புது டயரில் அழுத்தினார், தடம் விழுந்து மெல்ல மறைந்தது.

ஸ்கார்பரோவில் குளிர் செய்வதை இங்கே வெயிலும் வயசும் செய்கின்றன. ரப்பர் விறைத்துவிட்டால் பட்டன் இருந்தும் பிடிப்பு இல்லை. அங்கே வசந்தம் வந்தால் ரப்பர் மறுபடி இளகும். வெயிலில் காய்ந்து கெட்டிப்பட்டது இளகவே இளகாது.

கார், பஸ், லாரி டயர்கள் ஈரச் சாலையில் எப்படிப் பிடிக்கின்றன என்பதற்கு அரசு 2022இல் தரநிலை கொண்டுவந்தது. அந்த அக்டோபரிலிருந்து வரும் புது வடிவமைப்புகளுக்கு அது கட்டாயம். நல்ல காரியம். ஆனால் இருசக்கர வாகனங்கள் அதற்குள் இல்லை. எங்கள் ஊரிலோ தெருவை நிறைப்பதே அவைதான். பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், பால் கேன் எல்லாம் ஏற்றிக்கொண்டு மொட்டை டயரில் ஜமுனாமரத்தூர் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் மழையோடு இறங்குகிறவர்களைப் பார்க்கிறேன். வயிறு கலங்குகிறது. மொட்டை டயருக்குத் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வழி இல்லை, தண்ணீரின் மேலேயே ஏறி மிதக்கிறது. ஒரு டயரின் விலை அந்தக் குடும்பத்துக்குப் பெரிய காசு என்பது தெரியும். தெரிந்தும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தேரோட்டத்தில் எல்லோருடைய கண்ணும் வடத்தின் மேல் இருக்கும். தீபத் திருவிழாவின் ஏழாம் நாள், மாட வீதியில் பெரிய தேர் அசைந்து வரும்போது நான் பார்ப்பது முட்டுக்கட்டை போடுகிறவர்களை. அவ்வளவு பெரிய தேர் நிற்பதும் திரும்புவதும் சக்கரத்துக்கு அடியில் அவர்கள் சொருகும் மரக்கட்டையில். உருளும் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து, சரியான கணத்தில் கட்டையைக் கொடுத்துக் கையை எடுக்கிறார்கள். மழை பெய்து வீதி நனைந்திருந்தால் அவர்கள் முகமே வேறாக இருக்கும்.

போன ஐப்பசியில் தம்பி மகன் கூப்பிட்டான். டயர் மாற்றியாயிற்று என்று படம் அனுப்பியிருந்தான். பனிக்கால டயருக்கான முத்திரை அதில் தெரிந்தது: மூன்று முகடுள்ள மலை, நடுவில் ஒரு பனித்துகள். “பாத்தா மலை மாதிரியே இருக்குல்ல பெரியப்பா” என்றான். பிறகு, “உங்க ஸ்கூட்டர் டயரு என்ன வருஷம்?” என்று கேட்டான்.

டார்ச் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். குனிந்து, சேற்றைத் துடைத்து, மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றிப் பார்த்தேன். 1117.

மறுநாள் பஞ்சர் கடைப் பையன் பட்டனைத் தடவிப் பார்த்துவிட்டு, “பாதிக்கு மேல இருக்கே சார், இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா ஓட்டலாம்” என்றான்.

“கழட்டுப்பா” என்றேன்.